உப்புநீரில் விளையும் மருந்து

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் புகழ்ந்து நல்லூர் நத்தத்தனார் பாடியது. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. உப்பு வண்டிகளோடு வழிச்செல்லும் உமணர் குடும்பமும், அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும் குரங்கும் அந்நூலிலேயே காட்டப்பெறுகின்றன. நூல் எழுந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அக்கரையின் தொழில் மாறவில்லை. தூத்துக்குடிக்கும் வேதாரணியத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழகத்தில் பெயர்பெற்ற உப்பு விளையும் இடம் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குச் செல்வோர் அப்பாத்திகளையும், கரைகளில் குவித்துக் கீற்று வேய்ந்து மூடிய உப்பு அம்பாரங்களையும் காணாமல் கடக்க இயலாது.

பொழுது புலருமுன்பே பாத்தியில் இறங்குகின்றனர் தொழிலாளர். நீண்ட கழியின் நுனியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். பின்னர்க் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மேலே கோடை வெயில். கீழே அவ்வெயிலைத் திருப்பி முகத்தில் அறையும் வெண்பரப்பு. உடலிலிருந்து நீர் வியர்வையாய் வெளியேறிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் நீர் இருந்தும் ஒரு மிடறு குடிக்க ஆகாது. பெண் தொழிலாளர் பலர், ஒதுங்க இடமின்மையால், வேலை நேரத்தில் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இவ்வாறு நாள்தோறும் நீர் வற்றும் உடலில் முதலில் வருந்தும் உறுப்பு சிறுநீரகம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் நிகழ்த்திய ஆய்வுகள், அங்கு உழைப்போரின் வெப்பச் சுமை பாதுகாப்பான அளவைக் கடந்திருப்பதையும், அவர்களுள் ஒரு பகுதியினரின் சிறுநீரகச் செயல்திறன் குன்றியிருப்பதையும் எடுத்துக்காட்டியுள்ளன.

சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் என்பதை இன்று எல்லாரும் அறிவர். ஆயினும் சிறுநீரகத்தை வெறும் வடிகட்டியாக மட்டுமே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதற்கு இன்னொரு தொழில் உண்டு. எலும்பு மச்சையில் செங்குருதி அணுக்களை உண்டாக்குமாறு ஏவும் ஒரு புரதத்தை அதுவே சுரக்கிறது. எரித்ரோபாய்ட்டின் என்பது அதன் பெயர். சிறுநீரகம் நலிந்தால் இந்த ஏவல் நின்றுவிடும். எலும்பு மச்சை நலமாகவே இருக்கும். ஏவுவார் இன்மையால் வேலை செய்யாது. குருதி வெளுக்கும், பத்தடி நடந்தால் மூச்சிரைக்கும். டயாலிசிஸ் எந்திரம் குருதியிலுள்ள கழிவை அகற்றும்; இந்த ஏவலைத் தர அதனால் ஆகாது. அந்த ஏவலை ஒரு சிறு குப்பியில் அடைத்து ஊசியாக ஏற்றும் வழியை மனிதர் கண்டடைந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். மனிதப் புரதமொன்றை, மனிதன் அல்லாத ஓர் உயிரின் அணுக்களில், உப்புநீரில் விளைவித்து எடுக்கும் விந்தை அதனுள் அடங்கியிருக்கிறது.

எண்பது ஆண்டுத் தேடல்

1906ஆம் ஆண்டு பாரிசு நகரில் பால் கார்னோ என்பாரும் அவருடைய உதவியாளர் குளோடில்டு தெஃப்லாந்தர் அம்மையாரும் ஒரு சோதனை செய்தனர். குருதி வடித்துச் சோகையுறச் செய்த முயலின் ஊனீரை நலமான முயலுக்குச் செலுத்தினர். அம்முயலின் செவ்வணுக்கள் பெருகின என்று அறிவித்தனர். குருதியில் குருதியை வளர்க்கும் பொருளொன்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. பிறர் செய்து பார்த்தபோது அச்சோதனை எளிதில் கைகூடவில்லை. ஆதலால் அக்கருத்து நெடுநாள் ஐயத்துக்குரியதாகவே கிடந்தது. 1953இல் ஆலன் எர்சுலெவ் மிகுந்த அளவு ஊனீரைக் கொண்டு அதனை மெய்ப்பித்தார். 1957இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சனும் அவர்தம் குழுவினரும், எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, அப்பொருள் பிறக்குமிடம் சிறுநீரகமே என்று கண்டனர்.

அக்குழுவில் இருந்த யூஜின் கோல்ட்வாசர் என்னும் உயிர்வேதியியலார்மீது அப்பொருளைத் தூயதாகப் பிரித்தெடுக்கும் பொறுப்பு விழுந்தது. சில மாதங்களில் முடியும் வேலை என்று நினைத்து 1955இல் அவர் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆடுகளுக்கு நச்சு வேதிப்பொருளொன்றைச் செலுத்திச் சோகையுண்டாக்கி, அவற்றின் குருதியைத் திரட்டி, அதிலிருந்து பிரிக்க முயன்றார். எத்தனையோ ஆடுகளின் குருதியிலிருந்து கிடைத்தது கண்ணுக்குப் புலப்படாத துளியே. இயற்கையில் இப்பொருள் அத்துணை அருமையானது. கடலளவு நீரில் ஒரு கைப்பிடி உப்பைத் தேடுவது போன்றது அவர் செய்த வேலை.

வழி திறந்தது சப்பானிலிருந்து. குமமோட்டோ பல்கலைக்கழகத்து மருத்துவர் தகாஜி மியாகே, எலும்பு மச்சை செயலற்றுப் போன நோயாளரின் சிறுநீரைப் பல ஆண்டுகள் சேகரித்து வந்தார். இந்நோயாளரின் சிறுநீரகமோ நலமாக இருப்பது. மச்சை கேளாததால் அது மேலும் மேலும் ஏவிக்கொண்டே இருக்கும். ஆகவே அவர்களுடைய சிறுநீரில் எரித்ரோபாய்ட்டின் மிகுதி. 2,550 லிட்டர் சிறுநீரை வற்றச் செய்து கிடைத்த பொடியைப் பட்டுத்துணியில் பொதிந்து 1975இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்து கோல்ட்வாசரிடம் மியாகே ஒப்படைத்தார். அதிலிருந்து இருவரும் பிரித்தெடுத்துத் தூய்மை செய்த புரதம் சில மில்லிகிராமே. அச்செய்தி 1977இல் வெளியாயிற்று. தம் நோய்க்கு அதனால் எப்பயனும் பெறாத அந்தச் சப்பானிய நோயாளரின் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை. இவ்வரலாற்றில் முதல் வணக்கம் அவர்களுக்கே உரியது என்பேன்.

சில மில்லிகிராமைக் கொண்டு ஒருவருக்கும் மருத்துவம் செய்ய இயலாது. ஆயினும் அப்புரதத்தின் அமினோ அமில வரிசையில் ஒரு பகுதியைப் படிக்க அது போதும். வரிசை தெரிந்தால் அதனை எழுதிய மரபணுவைத் தேடலாம். கலிபோர்னியாவில் அப்போது புதிதாகத் தோன்றியிருந்த ஆம்ஜென் நிறுவனத்தில், தைவானில் பிறந்த ஃபூ குவென் லின் என்பார் அத்தேடலை மேற்கொண்டார். மனிதனுடைய முழு மரபுத் தொகுதியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் சிறு மரபணு அது. உடன் பணிபுரிந்தோரே நம்பிக்கை இழந்திருந்த நிலையில், 1983இல் அவர் அதனைக் கண்டெடுத்தார்.

நுண்ணுயிர் போதாமை

இங்கே வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம். மனித இன்சுலினை உண்டாக்கும் மரபணுவை ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் புகுத்தி 1978இலேயே இன்சுலினை விளைவித்துவிட்டனர்; 1982இல் அது மருந்தாகவும் ஒப்புதல் பெற்றது. அதே பாக்டீரியாவில் எரித்ரோபாய்ட்டினையும் விளைவித்தால் என்ன?

விளைவிக்கலாம், ஆனால் உடலில் அது வேலை செய்யாது. காரணம் இனிப்பானது. எரித்ரோபாய்ட்டினின் புரத இழை 165 அமினோ அமிலங்களால் ஆனது. அவ்விழையின் நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கும். மொத்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இச்சர்க்கரையே. சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்பதொன்று மூடிபோல் அமர்ந்திருக்கும். அம்மூடி இல்லாத புரதத்தைக் கல்லீரல் பழுதென்று கண்டு சிறிது நேரத்திலேயே குருதியிலிருந்து அகற்றிவிடும். பாக்டீரியாவுக்கு இழையைப் பின்னத் தெரியும். இந்தச் சர்க்கரை அணியைப் பூட்டும் வித்தை தெரியாது. அவ்வித்தை பாலூட்டிகளின் உயிரணுக்களுக்கு உண்டு. எனவே பாலூட்டி ஒன்றின் உயிரணுக்களை உடலுக்கு வெளியே வளர்த்து, அவற்றினுள் மனித மரபணுவைப் புகுத்தியாக வேண்டும்.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது சீன வெள்ளெலியின் சினைப்பை அணு. அது ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதை தனிச்சுவை உடையது. 1948ஆம் ஆண்டு இறுதியில், சீன உள்நாட்டுப் போரில் பொதுவுடைமைப் படை முன்னேறி வந்த வேளையில், ராபர்ட் வாட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருபது வெள்ளெலிகளை ஒரு பெட்டியில் வைத்து நாட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தார். அவற்றின் வழிவந்த எலிகள் அமெரிக்காவில் பெருகின. இவ்வெலிக்குக் குரோமோசோம்கள் 22 மட்டுமே. எண்ணிப் பார்ப்பது எளிது என்பதால் மரபியலார் அதனை விரும்பினர். 1957இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோடர் பக், ஒரேயொரு பெண் வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து சிறு திசுவை எடுத்து அதன் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். வளர்ப்பில் பெரும்பாலான அணுக்கள் சில தலைமுறைக்குப்பின் மடிந்துவிடும். இவை மடியவில்லை, பிரிந்து பிரிந்து இன்றளவும் பெருகி வருகின்றன. உலகில் இன்று விற்பனையாகும் உயிரியல் மருந்துகளில் பெரும்பகுதி அந்த ஓர் எலியின் அணு வழித்தோன்றல்களால் ஆக்கப்படுவதாகும். 1980இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உர்லாப், சேசின் என்னும் இருவர் இவ்வணுவில் ஒரு குறிப்பிட்ட நொதி இல்லாத வகையை உண்டாக்கினர். புகுத்திய மரபணுவை ஏற்றுக்கொண்ட அணுக்களை மட்டும் தெரிந்தெடுக்கவும், அம்மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கவும் அதுவே வழிசெய்தது. இவ்வணுவில் விளைந்து முதலில் மருந்தானது, குருதிக் கட்டியைக் கரைக்கும் ஒரு புரதம், ஆண்டு 1987. எரித்ரோபாய்ட்டின் இரண்டாண்டு கழித்து வந்தது.

கலத்தினுள் ஒரு கடல்

உடலை விட்டுப் பிரிந்த அணு எதில் வாழும்? உப்புநீரில்தான். வெறும் உப்புநீர் போதாது என்பதை உலகம் கற்றது ஒரு தற்செயலால். 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டு, அது வெளியே எவ்வளவு நேரம் துடிக்கும் என்று பார்த்து வந்தார். நெடுநேரம் துடித்தது. பின்னர்த்தான் தெரிந்தது, அவருடைய உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்கு மாறாகக் குழாய்நீரைப் பயன்படுத்தியிருந்தார் என்பது. வடித்த நீரில் கரைத்த உப்பில் இதயம் விரைவில் ஓய்ந்தது. இலண்டன் குழாய்நீரில் கலந்திருந்த சுண்ணச்சத்தே இதயத்தைத் துடிக்க வைத்தது. உப்பு என்பது ஒன்றன்று, பலவற்றின் கூட்டு என்பதும், அக்கூட்டின் அளவு பிசகினால் உயிர் தங்காது என்பதும் அன்று தெளிவாயின.

மரக்காணத்து உப்பளக்காரருக்கு இது புதிய செய்தியன்று. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் படிவது சுண்ணம் சேர்ந்த படிவு. அதனை முன் பாத்தியிலேயே தங்கவிட்டு, தெளிந்த செறிவுநீரை அடுத்த பாத்திக்கு விடுவர். அங்கே கறியுப்பு படியும். அதற்கும் மேல் வற்றவிட்டால் கைப்புச் சுவையுள்ள மக்னீசியம் உப்பு கலந்து சரக்கைக் கெடுக்கும். ஆதலின் எஞ்சிய நீரை உரிய வேளையில் வெளியேற்றுவர். எப்போது விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் தொழில் இருக்கிறது. உயிரணு வளர்ப்போர் செய்வதும் இதற்கு நெருங்கியதே. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. நம் குருதிநீரிலும், அணு வளர்க்கும் நீரிலும் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனோடு சுண்ணம், பொட்டாசியம், மக்னீசியம், சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் ஆகியன அளந்து சேர்க்கப்படும். இந்த அளவுகளை 1950களில் ஹாரி ஈகிள் என்பார் வகுத்தளித்தார்.

ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலங்களில், 37 பாகை வெப்பத்தில், காற்றும் உணவும் ஊட்டப்பெற்று அணுக்கள் மிதந்து வளரும். தமக்கு எவ்வகையிலும் வேண்டாத ஒரு மனிதப் புரதத்தை அவை ஓயாமல் சுரந்து நீரில் விடும். பிறகு அணுக்களை நீக்கி, அந்நீரிலிருந்து புரதத்தைப் பிரிக்க வேண்டும். நுண்மணிகள் நிரம்பிய குழாயில் நீரைச் செலுத்தினால் புரதங்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சிறிது சிறிதாக உப்புச் செறிவைக் கூட்டிச் செலுத்தினால், ஒவ்வொரு புரதமும் தனக்குரிய உப்பளவில் பிடியைவிட்டுத் தனித்து இறங்கும். தொடக்கத்திலும் உப்பு, முடிவிலும் உப்பு.

கொல்லாமை என்னும் அளவுகோல்

இம்மலரின் வாசகர்க்கு இயல்பாகத் தோன்றும் வினா ஒன்றுண்டு. இம்மருந்தில் உயிர்க்கொலை உண்டா? தமிழ்ச் சமணப் புலவர்கள் ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே அறநூலுக்கு இட்டவர்கள். அம்மருந்துகள் ஏலமும் வேரும் போன்றவற்றால் ஆயவை. அந்த மரபில் வந்தோர் ஒரு மருந்தின் மூலத்தை வினவுவது முறையே.

நடந்ததை உள்ளவாறு சொல்வதே நேர்மை. 1922 முதல் அறுபது ஆண்டுகள் நீரிழிவு நோயாளர் போட்டுக்கொண்ட இன்சுலின், கொல்லப்பட்ட பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. எரித்ரோபாய்ட்டின் தேடலில் முயலும் எலியும் ஆடும் மடிந்தன. 1957இல் அந்த வெள்ளெலியின் சினைப்பை எடுக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம், அணு வளர்க்கும் நீரில் கன்றின் கருவிலிருந்து எடுத்த ஊனீரைக் கலந்தனர். சினையுற்ற பசு கொல்லப்படும்போது கிடைப்பது அது. இக்கடைசிச் செய்தி பலர்க்குத் தெரியாது. மருந்துப் பெட்டியில் அது எழுதப்படுவதில்லை. 1990களில் மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய் ஐரோப்பாவில் பரவவே, அச்சத்தால் மருந்து நிறுவனங்கள் கன்றின் ஊனீரைக் கைவிட்டு, விலங்குப் பொருள் கலவாத வளர்ப்புநீருக்கு மாறத் தொடங்கின. அருளால் நிகழாத மாற்றம் அச்சத்தால் நிகழ்ந்தது. எவ்வாறாயினும் நிகழ்ந்தது நன்றே. இன்று பெரும்பாலான ஆலைகளில் அணுக்கள் ஊனீர் இல்லாமலே வளர்கின்றன. ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் உயிர் என்ற நிலை மாறி, கோடிக்கணக்கான குப்பிகளுக்கும் மூலமாக ஓர் எலி என்ற நிலை வந்திருக்கிறது. இதனை ஏற்பதும் ஏலாமையும் அவரவர் நோன்பைப் பொறுத்தது. ஆனால் முன்னையதும் பின்னையதும் ஒன்றல்ல என்று நான் கருதுகிறேன்.

நோயாளரிடம் வந்த வழி

இம்மருந்து வருமுன் சிறுநீரக நோயாளர் பட்ட பாட்டை முதிய மருத்துவர்கள் அறிவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களின் தொடக்கத்திலேயே டயாலிசிஸ் தொடங்கியது; 1971இல் அங்கே சிறுநீரக மாற்று அறுவையும் வெற்றியாக நடந்தது. கழிவகற்றல் கைவந்தும் சோகை அகலவில்லை. மாதந்தோறும் பிறர் குருதியை ஏற்றுவதே வழி. அக்குருதியோடு ஹெபடைட்டிஸ் கிருமி வந்தது. இரும்பு தேங்கி ஈரலையும் இதயத்தையும் கெடுத்தது. அயலார் குருதிக்கு எதிராக உடல் பொருதும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிக்கொள்ளவே, பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதும் அரிதாயிற்று.

1985 இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோசப் எஷ்பாக், ஜான் ஆடம்சன் ஆகியோர் முதன்முதலாக டயாலிசிஸ் நோயாளர்க்குப் புதிய மருந்தைச் செலுத்தினர். 25 பேரிடம் நிகழ்ந்த அவ்வாய்வு 1987இல் வெளியாயிற்று. போதிய அளவு மருந்து பெற்றவர்களுள், அதுவரை குருதி ஏற்றியே வாழ்ந்துவந்த 12 பேர்க்கும் அதன் தேவையே இல்லாது போயிற்று. 1989 சூன் முதல் நாள் மருந்து ஒப்புதல் பெற்றது. ஆம்ஜென் அதனால் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாயிற்று. இருபது ஆண்டு உழைத்து அப்புரதத்தைத் தூய்மை செய்த கோல்ட்வாசர் அதற்குக் காப்புரிமை எதுவும் பெற்றிருக்கவில்லை. அவருக்குக் கிடைத்த பொருளும் சொற்பமே. சைக்கிள் பந்தய வீரர் சிலர் இதே மருந்தைக் களவாய்ப் போட்டுக்கொண்டு பட்டம் வென்றதும், பின்னர் அப்பட்டங்கள் பறிக்கப்பட்டதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்த கதை.

இந்தியாவில் இறக்குமதி மருந்தின் விலை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. இங்கே இரண்டு செய்திகள் துணைநின்றன. முதலாவது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அச்சட்டப்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. 2005இல் சட்டம் திருத்தப்படும் வரையில் இந்நிலை நீடித்தது. இரண்டாவது, இந்நாட்டிலும் இத்தொழில்நுட்பம் கைகூடும் என்ற துணிவு. அத்துணிவைத் தந்தவர் ஐதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வரப்பிரசாத ரெட்டி. அந்நிறுவனம் ஈஸ்ட் அணுக்களில் விளைவித்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 1997இல் வெளியிட்டு, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது. டயாலிசிஸ் நோயாளர் அனைவருக்கும் போடவேண்டிய தடுப்பூசி அது. அதன்பின் வொக்கார்ட், பயோகான் முதலிய நிறுவனங்கள் எரித்ரோபாய்ட்டினை உள்நாட்டிலேயே விற்கலாயின, விலை இறங்கியது. இன்று அது தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. சென்னையில் 1993இல் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை எளியோர்க்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்து வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் அடங்கும். ஔடத தானம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இக்காலத்து வடிவம் ஒன்று வேண்டுமாயின், ஒரு நோயாளியின் ஓராண்டு ஊசிச் செலவை ஏற்பதைச் சொல்லலாம்.

மருந்து உள்நாட்டில் ஆவதனாலேயே எல்லாம் சரியாகிவிடாது. உயிரணுவில் விளையும் மருந்தைச் சுண்ணாம்பு அரைப்பதுபோல் ஒரே சீராக அரைத்தெடுக்க முடியாது. அணு வேறு, நீர் வேறு, கலம் வேறு என்றால் புரதத்தின் சர்க்கரை அணியும் வேறாகலாம். ஐரோப்பாவில் 1998இல் ஒரு பெருநிறுவனம் தன் எரித்ரோபாய்ட்டின் குப்பியில் நிலைப்படுத்தியாக இருந்த மனித ஆல்புமினை நீக்கி, வேறொரு பொருளைச் சேர்த்தது. மிகச் சிறிய மாற்றம். அதன்பின் சில நோயாளரின் உடல் அம்மருந்தையே பகையாகக் கருதி எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கியது. அவை மருந்தை மட்டுமன்றி உடலில் எஞ்சியிருந்த சொந்த எரித்ரோபாய்ட்டினையும் அழித்தன. செவ்வணு உற்பத்தி அறவே நின்றது. பாரிசு நகரத்து நிக்கோல் கசாதேவால் என்னும் மருத்துவ அம்மையார் அத்தகைய 13 நோயாளரைப் பற்றி 2002இல் எழுதியபின்னரே உலகம் விழித்தது. இந்தியாவில் இத்தகைய ஒப்பு உயிரியல் மருந்துகளுக்கான வழிகாட்டு நெறிகள் 2012இல் வகுக்கப்பட்டன. விலை மலிவு ஒரு நன்மை. தரத்தைச் சோதிப்பாரின்றி மலிவு மட்டும் இருந்தால் அது நன்மையாகாது.

அளவும் ஒரு செய்தி. ஹீமோகுளோபினை நலமானவர் அளவுக்கே உயர்த்திவிட்டால் நோயாளி மேலும் நலமடைவார் என்று எண்ணி மிகுதியாக மருந்து செலுத்திய காலம் ஒன்றிருந்தது. 2006லும் 2009லும் வெளியான பெரிய ஆய்வுகள் அதனால் பக்கவாதமும் இதய நோயும் கூடக்கூடும் என்று காட்டின. இப்போது முழு அளவுக்கு உயர்த்தாமல் நடுவிலேயே நிறுத்துகின்றனர். இரும்புச்சத்தும் உடன் தரப்படாவிட்டால் ஊசி பயன் தருவதில்லை.

இதற்கிடையே வேறொரு வினாவும் எழுந்திருந்தது: சிறுநீரகம் எப்போது ஏவ வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? உயிர்வளி குறைந்ததை எது உணர்கிறது? கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப் ஆகிய இருவரும் எரித்ரோபாய்ட்டின் மரபணுவின் அருகே இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை ஆராய்ந்தனர். புற்றுநோய் ஆய்வின் வழியாக வில்லியம் கேலின் அங்கேயே வந்து சேர்ந்தார். உயிர்வளி போதிய அளவில் இருக்கும்போது ஓர் ஏவல் புரதம் உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. உயிர்வளி குறைந்தால் அழிவு நின்று, அது மரபணுவை எழுப்புகிறது. இதனை விளக்கியமைக்காக மூவர்க்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த அழிவைத் தடுக்கும் வேதிப்பொருளைத் தந்தால், நலிந்த சிறுநீரகமும் கல்லீரலும் தாமே எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கும் என்ற எண்ணத்தில் மாத்திரைகள் உருவாயின. இந்தியாவில் சைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட் 2022 மார்ச்சு மாதத்தில் ஒப்புதல் பெற்றது. வெள்ளெலி அணுவும் எஃகுக் கலமும் அதற்கு வேண்டா. எரித்ரோபாய்ட்டின் ஊசியை 2 முதல் 8 பாகை குளிரில் காக்க வேண்டும். உறையவும் கூடாது, வெயிலில் இருக்கவும் கூடாது. டயாலிசிஸ் நிலையத்துக்கு நெடுந்தொலைவு பேருந்தில் சென்றுவரும் நோயாளி, மருந்துக் கடையில் வாங்கிய குப்பியைப் பனிக்கட்டியோடு பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு செல்கிறார். மாத்திரைக்கு அந்தக் காவல் தேவையில்லை. ஆயினும் அது வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. நெடுநாள் பயன்பாட்டில் குருதி உறைதல் போன்ற தீங்குகள் நேர்கின்றனவா என்று மருத்துவர்கள் கண்காணித்து வருகின்றனர். டயாலிசிஸ் நிலையங்களின் குளிர்பெட்டிகளில் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பவை ஊசிக் குப்பிகளே.